நீக்கப்பட்ட காட்சியில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சில மாதங்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த யாரும் இதைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. பால்காரர் கேட்டிருக்கிறார். மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் கேட்டிருக்கிறார். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்கூட, இறக்கி வைக்க இடம் காட்டப்படாமல், பாதிக் கதையைக் கேட்டிருக்கிறார்.

அது ஒரு சூப்பர் ஹீரோ படம். இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் சென்னையில் ஓடுகிற ரயிலைக் கையால் நிறுத்திய அந்த நீல உடைக்காரர், இரண்டாம் பாகத்தில் என்ன தோன்றிற்றோ, திருநெல்வேலிக்கு வந்துவிட்டார். எங்கள் ஆற்றுப் பாலத்தை வில்லன் உடைக்கப் பார்ப்பதாகக் கதை. சென்னையில் இல்லாத பாலமா என்று நான் கேட்டேன். "கதைக்குத் தண்ணி ஓடுத ஆறு வேணும்லா" என்றார் வீட்டுக்காரர், கதையே இவரிடம் கேட்டு எழுதியது போல.

இவர் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் அதே ஊரில் கணக்கு டீச்சர். இவருக்குச் சினிமாவோடு உள்ள சம்பந்தம் டிக்கெட் எடுப்பதோடு சரி. அன்று காலை டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவரிடம் ஒரு சினிமாக்காரர் வந்து, "சார், ஆபீஸ் போற மாதிரி நாலஞ்சு முகம் வேணும்" என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருஷமாக ஆபீஸ் போகிற முகம் இவரிடம் தயாராக இருந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவர்களுடைய வேனில் ஏறிவிட்டார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சினிமாவுக்காக இல்லை. அன்று எங்கள் கல்யாண நாள். விடியுமுன் எழுந்து, தேங்காய் துருவி, மூன்று பால் எடுத்து, சொதி வைத்தேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து என்றாலே சொதிதான். மாப்பிள்ளையாக முதன்முதலில் எங்கள் வீட்டு இலையில் உட்கார்ந்தபோது இவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். அதை ஞாபகப்படுத்தலாமென்று சின்னத் தூக்குவாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். "இன்னைக்கு என்ன சொதி?" என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். "பஸ்ஸு போயிரும்" என்றார்.

போகிறவரிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் இதே தூக்குவாளியிலிருந்த ரசத்தைப் பஸ்ஸில் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் அபிஷேகம் செய்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கோபமும் இந்தக் கோபமும் சேர்ந்துகொண்டன. "ஒரு வாளிய நேராப் பிடிக்கத் தெரியாத மனுசன். இன்னைக்கு ஒரு சொட்டு சிந்துனிய, நாளையில இருந்து காண்டீன்லதான் சாப்பிடணும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்தவரின் நடையே வேறாக இருந்தது. தூக்குவாளி கழுவின மாதிரி காலி. சொதியைப் பற்றி ஒரு பேச்சில்லை, கல்யாண நாளைப் பற்றியும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நிஜப் பஸ் ஒன்றை இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்திருந்ததும், அது மூக்குக் கீழாகச் சாய்ந்ததும், கீழே ஆற்றுக்குப் பதில் பச்சைத் துணி விரித்திருந்ததும், கதாநாயகர் கயிற்றில் தொங்கிக்கொண்டு இவருடைய ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றதும்தான் பேச்சு.

"எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு கண்ணாடிதான், பாத்துக்கோ. அவரு பூட்ஸு என் மூக்குக்கு நேர இருந்துச்சு. எனக்கு வசனமும் உண்டு."

"என்ன வசனம்?"

"ஐயோ, காப்பாத்துங்க."

அது எங்கள் வீட்டில் தினமும் நான் சொல்கிற வசனம். ஆனால் அதற்காக யாரும் என்னைப் படம் எடுக்க வந்ததில்லை.

இதில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற மெஷினில் அறுந்துபோன இழையை, மெஷினை நிறுத்தாமல், விரல் நுனியால் ஒட்டிவிடுகிற வேலை. அதனால் அவருக்கு மனிதரை அளக்க ஒரே அளவுகோல்தான்: கை நிதானம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் காபி டம்ளரை வாங்கி, அதில் பாதியை அப்பாவின் வேட்டியில் கவிழ்த்தார். அப்பா அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். "பையன் நல்ல பையன்தான். கை நிதானம் கிடையாது." தீர்ப்பு பதினெட்டு வருஷமாகத் திருத்தப்படவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் கூடங்குளத்தில் அணுமின் நிலையத்தில் வேலையாக இருக்கிறார். அவர் கை எத்தனை நிதானமாக இருக்கவேண்டும் என்று அப்பாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மருமகன்களைப் பொறுத்தவரை எங்கள் வீட்டிலும் இரண்டாம் பாகம்தான் பெரிய வெற்றி.

ஆகையால் படம் வெளியானபோது இவர் எல்லோரையும் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. அப்பா, அம்மா, தங்கை, அவள் வீட்டுக்காரர் எல்லோரும் வேனில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து இறங்கினார்கள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில், வாயெல்லாம் பல்லாக நின்று, எல்லோருக்கும் தன் கையால் சீட்டைக் காட்டி உட்கார வைத்தார்.

அப்பா படத்தை அவர் வழியில் பார்த்தார். நீல உடைக்காரரின் முதுகில் தொங்கிய துணியை வெகுநேரம் கவனித்துவிட்டு, "அறுபதாம் நம்பர் நூலுதான். ரெண்டு தடவை பறந்தா தையலு விட்டுப் போகும்" என்று என் காதில் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு பாலம் வந்தது. ஆறு வந்தது, கரை புரள. பஸ் வந்தது. வீட்டுக்காரர் சீட்டின் நுனிக்கு வந்தார். வில்லன் கையைத் தூக்கினான், பாலம் பிளந்தது, பஸ் ஓரத்துக்கு வழுக்கியது. அடுத்த நொடி பஸ் ஆற்றங்கரையில், மணலில், ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. நீல உடைக்காரர் வேறு சண்டைக்குப் போய்விட்டார்.

தியேட்டரில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் வரிசையில் மட்டும் எல்லாத் தலைகளும் இவர் பக்கம் திரும்பின. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை வீட்டுக்காரர் குனிந்து, "அண்ணே, அந்தப் பஸ்ஸ யாரு எடுத்து அங்கன வச்சா?" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா இவருடைய தோளைத் தட்டி, "படம் நல்லாத்தான் இருந்துது மாப்ளே" என்றார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. அப்பா அனுதாபப்பட்டது எனக்கே பொறுக்கவில்லை.

பிறகு படம் போனுக்கு வந்தது. இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, பஸ் வழுக்குகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எத்தனை தடவை வழுக்கினாலும் அது மணலில்தான் போய் நின்றது. குடும்ப வாட்ஸப் குழுவில் தங்கை வீட்டுக்காரர் எந்தப் பஸ் படத்தைக் கண்டாலும் போட்டு, "அண்ணே, இதுலயாவது இருக்கியளா?" என்று கேட்டார். இவரும் சிரிக்கிற பொம்மையைப் பதிலாகப் போட்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அப்பா போனில், "ஏட்டி, மாப்ள நெசமாவே நடிச்சாகளா?" என்று கேட்டார். அப்பாவிடம் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பதில் தெரியாத கேள்வி என்றால் எனக்கு எரிச்சல் வரும், டீச்சர் புத்தி. "யாரு கண்டாப்பா? கூட்டத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு வந்து சொல்லுதாகளோ என்னமோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரர் துண்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார்.

சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் போடவில்லை. குளிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சினிமா பேச்சு நின்றது. பால்காரர் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, என் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. வீட்டில் ஒரு பொய்யரோடு குடித்தனம் செய்கிறேன் என்ற மாதிரி நான் ஆக்கிவிட்டேன், அதைச் சரிசெய்யவும் தெரியாமல் நாட்கள் ஓடின.

மாதங்கள் கழித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பார்சல் அகப்பட்டது. பிரித்தால் அந்தப் படத்தின் டிஸ்க். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்று வெளியிட்டிருக்கிற தனிப் பெட்டி. நீல உடைக்காரர் இடுப்பில் கைவைத்து நிற்க, கீழே பொடி எழுத்தில் 'நீக்கப்பட்ட காட்சிகள், இயக்குநரின் விளக்கத்துடன்' என்று போட்டிருந்தது.

"இது எப்போ வந்துச்சு?"

"பத்து நாளாச்சு."

"போட்டுப் பாத்தியளா?"

"எதுல போட?"

நியாயமான கேள்வி. எங்கள் லேப்டாப்பில் டிஸ்க் போடும் வாயே இல்லை. பக்கத்து வீடுகளில் டிஸ்க் ஓட்டும் பிளேயரை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். ஜங்ஷனில் ஒரு கடையில் இவர் பிளேயர் கேட்டதற்கு, கடைக்கார அண்ணாச்சி உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு இவரைக் காட்டியிருக்கிறார். டிஸ்க் பிளேயர் இன்னும் ஓடுகிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது விக்கிரமசிங்கபுரத்தில், என் அப்பாவின் வீடு. மெஷின் எதுவானாலும் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்பது அப்பாவின் கொள்கை. வாரம் ஒருமுறை துடைத்து, ஓட்டி, துணி போட்டு மூடி வைப்பார்.

"அங்கன வேண்டாம்" என்றார் இவர்.

"உள்ள நீங்க இருக்கியளா இல்லையா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை போவோம்" என்றார்.

தனியாகப் பார்க்கலாமென்று நினைத்திருந்தோம். போய் இறங்கினால் வாசலில் தங்கையின் கார் நிற்கிறது. இவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் போய்விடுவாரோ என்று பார்த்தேன். நேரே உள்ளே போய், அப்பாவிடம் டிஸ்கை நீட்டி, "மாமா, இதைப் போடணும்" என்றார். அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது.

அப்பா பிளேயரின் துணியை எடுத்தார். டிஸ்க் உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி போனது, வந்தது. அப்பாவின் முகம் சுருங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் தட்டு வெளியே வரும் இடம் முழுக்கச் சந்தனம். அந்த வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது; வீட்டிலுள்ள மெஷின்களுக்கெல்லாம் அம்மா பொட்டு வைப்பாள். இதற்கு மட்டும் நெற்றி எது என்று தெரியாமல், திறந்திருந்த வாயில் இந்த வருஷம் தாராளமாக அப்பியிருக்கிறாள். அப்பா தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, மில்லில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, மெள்ள எடுத்து முடிப்பதற்குள் தங்கை வீட்டுக்காரர் இரண்டு தடவை, "அண்ணே, நெஞ்சு படபடங்குதா?" என்று கேட்டுவிட்டார்.

நீக்கப்பட்ட காட்சிகளில் நாலாவது அது. பஸ் வழுக்கியது. இந்தத் தடவை மணலுக்குப் போகவில்லை. பாலத்தின் உடைந்த முனையில் மூக்குக் கீழாகத் தொங்கியது. கீழே பச்சைத் துணி இருந்த இடத்தில் தாமிரபரணி நுரைத்துக்கொண்டு ஓடியது. நீல உடைக்காரர் பறந்து வந்து ஒரு கையால் பஸ்ஸைப் பிடித்தார். அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்து ஜன்னலில், மூன்றாவது ஜன்னலில், என் வீட்டுக்காரர் இருந்தார்.

"இருக்காக!" என்று கத்தியது நான்தான்.

பஸ்ஸிலிருந்த எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அலறிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் ஒருவர் மட்டும் அலறவில்லை. நீல உடைக்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை. இடது கையால் தூக்குவாளியின் பிடியைத் தூக்கி, வலது உள்ளங்கையை அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஸ் இந்தப் பக்கம் சாய்ந்தால் தான் அந்தப் பக்கம் சாய்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ், பாலம், ஆறு எல்லாம் கோணலாகக் கிடக்க, அந்த வாளி மட்டும் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நேராக நின்றது.

அப்போது இயக்குநரின் குரல் வந்தது. "இந்த சீனை ஏன் தூக்கினோம்னு நிறைய பேர் கேட்டாங்க. மூணாவது ஜன்னலைப் பாருங்க. கத்தச் சொல்லியிருந்தோம், அவர் மூச்சே விடல. எடுக்கும்போது யாரும் கவனிக்கல. எடிட்டிங்ல ஒருத்தர் பார்த்துட்டு சிரிச்சாரு. அதுக்கப்புறம் எங்க யாராலயுமே ஹீரோவைப் பார்க்க முடியல. பஸ் விழுமாங்கிற பயமே போச்சு. அந்த வாளி கொட்டிருமாங்கிற பயம்தான். வேற வழியே இல்ல."

தங்கை வீட்டுக்காரர் சோபாவிலிருந்து தரைக்கு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, படத்தையே காலி பண்ணிட்டியளே! வில்லனால முடியாதத நீங்க செஞ்சிட்டிய!" தங்கை சிரித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

அப்பா சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவை, வாளி நடுவில் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"மாப்ளே, உள்ள என்ன இருந்துது?"

"சொதி, மாமா."

"எம்புட்டு?"

"கழுத்து வரைக்கும்."

"ஒரு சொட்டு சிந்தலயே" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, சின்ன மருமகனைப் பார்த்து, "கை நிதானத்த பாத்தியளா?" என்றார். பதினெட்டு வருஷத் தீர்ப்பு அவ்வளவு சாதாரணமாகத் திருத்தப்பட்டது.

எனக்குத்தான் எழுந்து அடுக்களைக்குப் போகவேண்டியிருந்தது. கல்யாண நாளை அவர் மறந்ததும், சொதியைப் பற்றி வாய் திறக்காததும் இத்தனை நாள் என் மனசில் கறையாக இருந்தது. நான் கோபத்தில் எறிந்த ஒரு மிரட்டலை அந்த மனிதர் தலைகீழாகத் தொங்கும்போதும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பூட்ஸு, கண்ணாடி, வசனம் எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொல்லவேண்டிய விஷயமென்றே அவருக்குத் தோன்றியிருக்காது. வசனம் உண்டு என்று பெருமையடித்தவர், அதைப் பேசவே இல்லை என்பதை மட்டும் மறைத்துவிட்டார். அதை நான் விடப்போவதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அம்மா ஒரு தூக்குவாளியில் புளிக்குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். இவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பாபநாசத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். அம்பாசமுத்திரம் தாண்டுகிற வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். கல்லிடைக்குறிச்சி வந்தபோது, "அன்னைக்கு அப்பாட்ட போன்ல நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. தப்புதான்" என்றேன்.

அவர் வெளியே வயலைப் பார்த்தபடி, "சொதி அன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றார். "பஸ்ஸ இறக்குனதும் அந்தத் துணி மேலயே உக்காந்து சாப்பிட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு மாட்டுக்காகப் பிரேக் போட்டார். வாளி சரிந்தது. புளிக்குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டி, முழங்கால் வரைக்கும் இறங்கியது.

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்து வாளியை எடுத்து, மூடியை அழுத்தி, இடது கையால் பிடியைத் தூக்கி, வலது உள்ளங்கையை அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். பாளையங்கோட்டை வருகிறவரை ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு வாளியை நேராகப் பிடிக்கத் தெரியாததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.